எடையை உணரும் ஒற்றைச் செல்

ஏரி, குளங்களின் அடிப்பகுதியில் வாழும் லாக்சோடெஸ் என்னும் ஒருசெல் உயிரியின் உடலுக்குள், பேரியம் சல்பேட் என்ற கனமான உப்பாலான மணி ஒன்று நுண்பைக்குள் காம்பில் பொருந்தியிருந்து, கீழ்த்திசை எது என்பதை அதற்கு உணர்த்துகிறது. இத்தகைய தனி உறுப்பு ஏதுமில்லாத யூக்ளினா என்னும் மற்றோர் ஒருசெல் உயிரியிலோ, நீரைவிட அடர்த்தி மிகுந்த உட்பொருள் முழுவதுமே செல்லின் மெல்லுறையாகிய சவ்வைக் கீழ்ப்புறமாக அழுத்த, அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறந்து, அது மேல்நோக்கித் திரும்பி நீந்துகிறது. நரம்போ மூளையோ இல்லாத, மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே நீளமுள்ள ஓர் உயிரிக்கு இது பெரிதும் வியக்கத்தக்க நுண்ணுணர்வு. 1994-இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில், மையவிலக்கு விசை தரும் சுழல் நுண்ணோக்கியின் கீழ் ஆராயப்பட்டபோது, எடையற்ற நிலையில் எல்லாப் பக்கமும் சிதறி நீந்திய யூக்ளினாக்கள், புவியீர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விசை கிடைத்ததுமே திசையறிந்து திரும்பின.