வாயிற்காவலும் வீட்டாரும்

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் ஒருவர் தம் கைப்பேசி வழியே வங்கியை நாடுகின்றார். வங்கிக் கணினி முதலில் ஒரு சான்றிதழை நீட்டுகின்றது. 'இஃது இன்ன வங்கியே' என நம்பத்தக்க நிறுவனம் ஒன்று கையொப்பமிட்ட சான்று அது. கையொப்பம், காலவரை, பெயர் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே மறைமொழி உரையாடல் தொடங்கும். இவ்வாராய்ச்சியைச் செய்வது, பலரும் எடுத்தாளுமாறு எழுதப்பட்ட 'ஓப்பன்எஸ்எஸ்எல்' போன்ற நிரல் நூலகம். அவரவர் புதிதாக எழுதப் புகின் பிழை மலியும்.

எனினும் பொதுச் சோதனை மட்டும் போதுமா? நூலகம் இடையே நின்று, 'இச்சான்றை ஏற்கலாமா?' என்று நிரலாளர் முன்னரே எழுதித் தந்த சிறு நிரலைக் கேட்பதுண்டு. அதற்கு மீளழைப்பு என்று பெயர். மணவீட்டு வாயிற்காவலர் அழைப்பிதழைக் கண்ட பின்னும், 'இவர் தங்கள் உறவினர்தாமா?' என வீட்டாரைக் கேட்பது போன்றது அது.

இத்தகைய தனிச் சோதனையின் பயன் 2014 ஜூலையில் விளங்கிற்று. இந்தியத் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து, கூகிள் தளங்களின் பெயரில், அந்நிறுவனம் அறியாமலே சான்றிதழ்கள் வெளிவந்திருந்தன. கையொப்பமோ உண்மையானது, ஆதலின் விண்டோசின் பொதுச் சோதனை அவற்றை ஏற்றிருக்கும். ஆனால் குரோம் உலாவி, கூகிள் தளங்களுக்குரிய திறவுகோல்கள் இவையே என்னும் தனிக்குறிப்பைத் தன்னிடம் வைத்திருந்தது. அதனோடு ஒவ்வாத சான்றை அது ஏற்காது. ஜூலை 3 அன்று சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றுகளை நீக்கினார்.

மீளழைப்பிலும் இடர் உண்டு. சோதனைக் காலத்தில் தொல்லை தீர, எதற்கும் 'ஆம்' என்னுமாறு அதனை எழுதிவிடுவோர் உளர். அந்த 'ஆம்' நீக்கப்படாது நின்றுவிடின், கள்ளிக்குப்பத்தவரின் உரையாடல் மறைமொழியிலேயே நடக்கும். மறுமுனையில் இருப்பது வங்கியா, கள்வரா என்பதை மட்டும் எவரும் பார்த்திரார்.