போர்வைக்குக் கரை வேண்டுமா?

சேலைக்குக் கரை உண்டு, பாவாடைக்குக் கரை உண்டு. ஆகவே ஒட்டுத்துணிப் போர்வைக்கும் கரை இருக்கத்தான் வேண்டும் என்று எங்களில் பாதிப் பேர் வாதாடினோம். மறுபாதி வேண்டாம் என்றது. தையல் வகுப்பில் இரண்டு வாரம் நடந்த அந்த வழக்கைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதியோர் இல்லத்துப் பாட்டி ஒருவருக்காக அந்தப் போர்வையைத் தொடங்கினோம். 6 அங்குலச் சதுரமாக 126 துண்டுகள் வெட்டி, வரிசைக்கு 9 வீதம் 14 வரிசைகள் இணைத்தோம். 54க்கு 84 அங்குலம் வரும் என்பது எங்கள் கணக்கு. தைத்து முடித்தால் வருவதோ 45க்கு 70! துண்டின் நான்கு புறமும் அரை அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பது கணக்கில் நூறு வாங்குகிற தோழிக்குக்கூடத் தோன்றவில்லை. பாட்டியின் கட்டிலோ 72 அங்குலம். மார்கழிக் குளிரில் கால் வெளியே நிற்குமே!

சுற்றிலும் இன்னொரு வரிசை சேர்க்க 50 துண்டுகள் வேண்டும். பூப்போட்ட துணி தீர்ந்துவிட்டது. பழைய சீருடைப் பாவாடைகளின் நீலத்துணி மட்டும் நிறைய இருந்தது.

“குறையை மறைக்கக் கரையா, அழகுக்குக் கரையா?” என்று கேட்டார் எங்கள் தையல் சிஸ்டர். இரண்டுக்கும்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றின் பிசிரையும் மூடி மடித்துத் தைப்பது ஓரப்பட்டி. அது இல்லாவிட்டால் நான்கு சலவைக்குள் போர்வை பிரிந்துவிடும். கரை அப்படியன்று. அது மேல்துணியோடு சேர்க்கும் அகலப் பட்டை. விரும்பினால் வைக்கலாம், விட்டாலும் போர்வை கெடாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதி ஆமிஷ் பெண்கள், நடுவில் பெரிய வைர வடிவம் வைத்து, சுற்றிலும் அகலமான ஒற்றை நிறக் கரை அமைப்பார்கள். நுண்ணிய தையல் வேலைப்பாடு அந்த வெற்றுக் கரையில்தான் எடுப்பாகத் தெரியும். அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளால் தைத்த போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அவற்றுள் ‘ஹவுஸ்டாப்’ என்னும் வகை, நடுத்துண்டைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளாகவே வளர்வது. அதில் எது உடல், எது கரை என்று யார் சொல்வது?

எங்களுக்கு மிகவும் பிடித்தது அண்டை மாநிலத்துக் கதை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ தைக்கிறார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நாம் கடைசியில் சண்டை போடுகிற ஓரத்தை அவர்கள் முதலிலேயே முடித்துவிடுகிறார்கள்! நான்கு மூலையிலும் ‘பூலா’ என்னும் மடித்த துணிப் பூ இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாதாம். கத்தோலிக்கச் சித்திப் பெண்கள் சிலர் சிலுவையும் வைத்துத் தைப்பதுண்டு.

சிஸ்டர் சொன்னபடி போர்வையைத் தரையில் விரித்து, நீலத்துணியை மடித்து ஓரத்தில் வைத்து, பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தோம். பூத்துணிகளின் இரைச்சல் சற்று அடங்கியது. வேண்டாம் என்றவர்களும் இறங்கி வந்தார்கள், இருவரைத் தவிர.

அவசரத்தில் ஓரத்தோடு ஓரமாகவே பட்டையை ஓட்டிவிட்டோம். கரை முறுக்கு அப்பளம்போல் நெளிந்தது. கைபட்டு இழுபட்ட ஓரம் 73 அங்குலம், போர்வையின் நடுவே அளந்தால் 71. நடு அளவுக்கே பட்டையை வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தைக்க வேண்டுமாம். அத்தனையும் பிரித்து, நீளப் பக்கங்களை முதலிலும் அகலப் பக்கங்களைப் பிறகும் தைத்தோம். 5 அங்குலக் கரையோடு போர்வை 55க்கு 80 ஆயிற்று.

பாட்டி போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாலு பக்கமும் ஒண்ணாவே இருக்கே, தலைமாடு எது கண்ணு?” என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இருவரில் ஒருத்திதான் ஊசியை எடுத்து, ஒரு பக்கத்துக் கரையில் சிவப்பு நூலால் சிறு பூ ஒன்று போட்டாள்.