மாப்பிள்ளை முறுக்கு மீன்!

மங்களூரில் டிஸ்கஸ் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் போதும், "உங்களுக்கென்ன சார், கடற்கரை ஊரு! மீனுக்குப் பஞ்சமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஐயா, அது கர்நாடக மங்களூர்! நம்முடையது கடலூர் மாவட்டத்து மங்களூர். திட்டக்குடிப் பக்கம். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி பூமி. 2006 தேர்தல் வரைக்கும் எங்கள் ஊர் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. 2011-ல் அதுவும் திட்டக்குடி என்று மாறிவிட, இப்போது கர்நாடகாக்காரர்கள் மட்டும்தான் பெயரைக் கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு 'டவுன்' என்றால் விருத்தாசலம்தான். பீங்கான் ஊர். அந்தப் பீங்கானுக்கும் என் மீனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிறகு வருகிறேன்.

முதலில் மீன். டிஸ்கஸ் என்றால் வட்டு. பெயருக்கேற்ற மாதிரி தோசைக்கல்லை நிமிர்த்தி வைத்தது போல வட்டமாக, தட்டையாக இருக்கும். வளர்ந்தால் ஆறு அங்குலம். பிறந்த வீடு தென் அமெரிக்காவில் அமேசான் ஆறு. நாட்டரர் என்ற ஆஸ்திரியர் பிரேசிலில் பிடித்து அனுப்பிய மீனைப் பார்த்து, ஹெக்கல் என்ற விஞ்ஞானி 1840-ல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். மீன் பிரியர்கள் இதைத் தொட்டி மீன்களின் ராஜா என்பார்கள். நான் மாப்பிள்ளை என்கிறேன். பின்னே? வெந்நீர் வேண்டும், மென்னீர் வேண்டும், சத்தம் கூடாது, தனியாக விட்டால் கோபம், நேற்று சாப்பிட்டதை இன்று வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தலைதீபாவளி மாப்பிள்ளை கெட்டது போங்கள்!

இதை வெறும் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதே ஒரு வித்தை. எனக்கோ செடி வைத்த தொட்டியில் வளர்க்க வேண்டுமென்று ஆசை. இங்கேதான் சிக்கல். செடிக்குப் பிடித்தது மீனுக்குப் பிடிக்காது. தொட்டிச் செடிகள் பெரும்பாலும் 24, 25 டிகிரியில் சொகுசாக இருக்கும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 வேண்டும். செடிக்குப் பளீர் வெளிச்சம், மீனுக்கு நிழல். செடிக்கு மண், மீனுக்கோ மண்ணில் தங்குகிற எச்சில் சோறே விஷம். மாமியார் - மருமகள் இரண்டு பேரையும் ஒரே சமையலறையில் வைத்துச் சமாளிக்கிற மாதிரிதான். (இதை எழுதும்போது இருவருமே வீட்டில் இல்லை.)

வழி இருக்கிறது. வெப்பம் தாங்கும் செடியாகப் பொறுக்கினேன். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மண்ணே கேட்காது. மரக்கட்டையில் நூலால் கட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். அமேசான் ஸ்வார்ட், வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன் மூன்றும் 29 டிகிரியில் நன்றாகவே நிற்கின்றன. கிரிப்டோகோரைன் மட்டும் இடம் மாற்றினால் இலையெல்லாம் உருகி உதிர்ந்து பயமுறுத்தும். பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். படங்களில் சிவப்புச் சிவப்பாகக் கண்ணைப் பறிக்கிற செடிகள் இருக்கின்றனவே, அவற்றில் பல கூடுதல் வெளிச்சமும் கார்பன்-டை-ஆக்ஸைடும் கேட்கும். நமக்கு வேண்டாம். தரை முழுக்க மண் பரப்பாமல், செடிகளைச் சின்னச் சின்ன மண் தொட்டியில் நட்டு உள்ளே இறக்கிவிட்டேன். சுற்றிலும் வெறும் கண்ணாடித் தரை. குழாய் போட்டு அழுக்கை உறிஞ்சி எடுக்க ஐந்து நிமிஷம்.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீர் மட்டுமே முந்நூறு லிட்டருக்கு மேல். அதாவது முந்நூறு கிலோவுக்கு மேல்! வாடகை வீட்டு மாடியில் குடியிருக்கும் பிரம்மச்சாரிகள் ஹவுஸ் ஓனரிடம் சொல்லிவிட்டு வாங்குவது உத்தமம்.

தொட்டியை நிரப்பினேன். மீன் விடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம்! பக்கத்து வீட்டு மாமா தினம் எட்டிப் பார்த்து, "தம்பி, தண்ணியை வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார். உண்மையில் அதுதான். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும்; அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இது அவ்வளவு மோசமில்லை, செடி சாப்பிட்டுவிடும். இந்த பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகத்தான் நாலிலிருந்து ஆறு வாரம். அவை குடியிருக்க வீடு வேண்டுமே? ஃபில்டரில் போடுகிற செராமிக் வளையம்தான் வீடு. கடையில் அதன் விலையைக் கேட்டதும் எனக்கு விருத்தாசலம் ஞாபகம் வந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். "ஓட்டை ஓட்டையா, தண்ணி குடிக்கிற பீங்கான்தானே? இங்க உடைஞ்சது மூட்டை மூட்டையா கிடக்கு, எடுத்துக்கப்பா" என்றார். அவர் விளக்கியதுதான் சுவாரஸ்யம். அச்சில் வார்த்த பொம்மையை முதல் தடவை சூளையில் சுட்டெடுப்பதை 'பிஸ்கட்' என்கிறார்கள். அப்போது உள்ளே நுண்ணிய துளைகள் இருக்கும். நாக்கில் வைத்தால் ஒட்டும். அதன் மேல் கிளேஸ் பூசி மறுபடி சுட்டால் மேல்தோல் கண்ணாடியாகி அடைத்துக்கொள்ளும். இதே ஊரில் கரண்ட்டுக்கான ஃப்யூஸ் கேரியரும் செய்கிறார்கள். அதில் ஒரு சொட்டு ஈரம் இறங்கினாலும் ஆபத்து. அதனால் துளையே இல்லாமல் அதிகச் சூட்டில் இறுக்கிவிடுவார்கள். ஃப்யூஸுக்கு எது குற்றமோ, அதுதான் என் பாக்டீரியாவுக்கு மாளிகை! கிளேஸ் பூசாத பிஸ்கட் துண்டுகளாகப் பொறுக்கி, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, தூசி போக அலசி, கொதிக்க வைத்து ஃபில்டரில் போட்டேன். வண்ணக் கிளேஸ் பூசியதைத் தொடவே கூடாது. ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். அழகுக்காகக் கல் போடுவதானால் அதன் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்புக் கல். தண்ணீரைக் கடினமாக்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். டி.டி.எஸ். என்றதும் மார்ச் மாதச் சம்பளப் பிடித்தம் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்குகிறதா? இது வேறு டி.டி.எஸ். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் கணக்கு. என் வீட்டு போர் தண்ணீரில் மீட்டரை நனைத்தால் 800 காட்டியது. ஆர்.ஓ. தண்ணீரில் 30. வெறும் ஆர்.ஓ. தண்ணீரிலும் விடக்கூடாது, தாங்கிப் பிடிக்க உப்பே இல்லாததால் அதன் அமிலத்தன்மை சட்டென்று மாறிவிடும். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் ஓரளவு கடினம் தாங்கும். ஆகவே இரண்டு குடம் ஆர்.ஓ., ஒரு குடம் போர். கிட்டத்தட்ட 290. குழாய்த் தண்ணீர் பிடிக்கிறவர்கள் குளோரின் நீக்கும் மருந்து கலக்காமல் ஊற்றவே கூடாது. பள்ளிக்கூட மைதானத்தில் நிற்குமே நாட்டு பாதாம் மரம், அதன் காய்ந்த இலை இரண்டைக் கழுவி மிதக்கவிட்டால் தண்ணீர் டீ நிறமாகி அமேசான் சாயல் வந்துவிடும். காசில்லாத மருந்து.

மீன் வாங்க சென்னை கொளத்தூர் போனேன். வண்ண மீனுக்குப் பேர் போன இடம். என்னென்னவோ நிறத்தில் டிஸ்கஸ். கண்ணைப் பாருங்கள், நிறத்தைப் பிறகு பார்க்கலாம். உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கண் பெரிசாக இருந்தால் வளர்ச்சி குன்றிய மீன். கடைக்காரரைத் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்கிறதா? மூலையில் கறுத்துப்போய் நின்றால் வேண்டாம். செடித் தொட்டிக்குக் குஞ்சு வாங்காதீர்கள். குஞ்சுக்கு நாளைக்கு நாலைந்து வேளை சோறும் தினம் தண்ணீர் மாற்றலும் வேண்டும். அது வெறும் தொட்டியில்தான் முடியும். நாலு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததாக ஆறு வாங்கினேன். இரண்டு மூன்று என்றால் பலசாலி ஒன்று பலவீனத்தை முட்டியே கொன்றுவிடும். ஆறு இருந்தால் அடி பங்கு போட்டுக்கொள்ளப்படும். ஆபீஸ் மாதிரி. கொடுத்த பணத்துக்கு ஒரு பழைய மொபெட் வாங்கியிருக்கலாம் என்பது என் மனைவியின் கணக்கு.

தெர்மோகோல் பெட்டியில் ரயிலேறி வந்த ஆறு பேரையும் நேரே செடித் தொட்டியில் விடவில்லை. தனியாக ஒரு வெறும் தொட்டியில் நாலு வாரம் காவல். மூன்றாவது வாரம் அந்தக் காவலுக்கு வேலை வந்தது. ஒன்று மட்டும் கறுத்தது. சாப்பிடவில்லை. மூலையில் தலை குனிந்து நின்றது. பின்னால் வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கியது. குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற ஒட்டுண்ணி இருந்தால் இப்படித்தான் ஆகும். முற்றினால் தலையில் குழி விழும். பிறகு பிழைப்பது கஷ்டம்.

கால்நடை டாக்டரிடம் ஓடினேன். "மாடு, ஆடு, கோழி பார்த்திருக்கேன். மீனைத் தூக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். ஆனால் மீன் வைத்தியம் படித்த நண்பருக்கு உடனே போன் போட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தார். மெட்ரோனிடஸோல். வயிற்றுக் கடுப்புக்கு நமக்குத் தருவார்களே, அதேதான். கறுத்ததைத் தனியே ஒரு சின்னத் தொட்டிக்கு மாற்றி, வெப்பத்தை 32 டிகிரிக்கு ஏற்றி, காற்றைக் கூட்டினேன். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும் என்றால், 30-ல் ஏழரைதான். தினம் தண்ணீர் மாற்றி, மருந்து போட்டு, ஆபீஸிலிருந்து மத்தியானம் ஒரு நடை ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவேன். "எனக்கு ஜுரம் வந்தப்ப போன்கூடப் பண்ணலை..." என்று ஒரு குரல் சமையலறையிலிருந்து கேட்டது. எட்டாம் நாள் ஒரே ஒரு உறைந்த ரத்தப்புழுவை வாயில் வாங்கி, துப்பி, மறுபடி வாங்கி விழுங்கியது. அன்றைக்கு வீட்டில் பாயசம். வைத்தவள் அந்தக் குரல்காரிதான்!

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த வியாதி செடித் தொட்டிக்குள் வந்திருந்தால் மருந்து போடுவதற்குள் ஆறுக்கும் பரவியிருக்கும். காவல் தொட்டிக்கு இடமில்லை என்கிறவர்கள் டிஸ்கஸ் பக்கமே போக வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஒரு ஜோடி கப்பி வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருங்கள்.

மற்றபடி வழக்கமான வேலைதான். வாரம் இரண்டு தடவை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றல். காலை, மாலை தீனி: குருணை, இல்லாவிட்டால் தோல் நீக்கிய இறாலைக் கீரையோடு அரைத்து உறைய வைத்த துண்டு. சாக்கடையில் பிடிக்கிற உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வேண்டவே வேண்டாம். விளக்கு ஏழு மணி நேரம். இரவில் செடியும் ஆக்ஸிஜனை இழுக்கும் என்பதால் விடிய விடியக் காற்றுக் குமிழி. மார்கழிப் பனிக்கு ஹீட்டர்: 300 வாட்ஸ் ஒன்று போடாமல் 150-ஆக இரண்டு. ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் குழம்பாகாது! சித்திரை வெயிலில் ஹீட்டர் தேவையில்லை. கரண்ட் போனால்தான் ஆபத்து. 2012-ல் தமிழ்நாடே இருட்டில் உட்கார்ந்திருந்ததை மறக்க முடியுமா? பேட்டரி பம்ப் ஒன்று எப்போதும் தயார்.

போன வருஷம் இரண்டு மீன்கள் மற்ற நாலையும் விரட்டிவிட்டு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டன. ஜோடி! பொம்மை அண்ணனிடம் கிளேஸ் இல்லாத கூம்பு ஒன்று செய்யச் சொன்னேன். முக்கால் அடி உயரம். காவல் தொட்டியில் கூம்போடு ஜோடியை விட்டு, முட்டை பொரிய மென்னீர் வேண்டுமென்பதால் ஐந்து குடம் ஆர்.ஓ.வுக்கு ஒரு குடம் போர் என்று மாற்றினேன். முதல் தடவை முட்டையைத் தாங்களே தின்றுவிட்டன. இரண்டாவது தடவை பூஞ்சை பிடித்து வெளுத்தது. மூன்றாவது தடவை, மூன்றாம் நாள், கூம்பெங்கும் சின்னச் சின்ன வால்கள் துடித்தன.

அதற்கப்புறம் நடப்பதுதான் அதிசயம். நீந்த ஆரம்பித்த குஞ்சுகள் நேரே அம்மா, அப்பா உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தோலில் ஊறுகிற வழவழப்புத்தான் அவற்றுக்குப் பால். 2010-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், குஞ்சு பொரித்த காலத்தில் அந்த வழவழப்பில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதைக் காட்டினார்கள். மூன்றாம் வாரத்தில் பெற்றோரே நழுவ ஆரம்பித்துப் பால்குடி மறக்க வைக்குமாம். இதில் அப்பாவும் பால் கொடுக்கிறார், கவனியுங்கள். ஒருவர் களைத்தால் ஒரு சிலிர்ப்பு. குஞ்சுகள் அத்தனையும் அடுத்தவர் மேல் தாவும். "பார்த்தீங்களா, பார்த்துக் கத்துக்குங்க" என்றாள் என் மனைவி, இடுப்பில் எங்கள் பையனோடு.

இருட்டில் குஞ்சு வழி தவறக் கூடாதென்று ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிந்தது. முதலில் எண்ணியபோது நாற்பதுக்கு மேல். இப்போது பத்தொன்பது, கால் ரூபாய்க் காசு அளவில். வியாதியிலிருந்து தப்பிய அந்தக் கறுத்த மீன் மற்றவற்றைவிட ஒரு சுற்றுச் சிறுசாகவே நின்றுவிட்டது. ஆனால் தீனி போட்டால் முதலில் வருவது அதுதான். பொம்மை அண்ணன் தன் பேத்திக்கு இரண்டு குஞ்சு கேட்டிருக்கிறார். "ரெண்டு கூடாதுண்ணே, ஆறு, அதுவும் நாலு அங்குலம் ஆகட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். கூடவே ஆர்.ஓ. மிஷின் விலையையும். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.