அணைக் கணக்கில் இல்லாத கட்டம்

கல்லூரியில் பல ஆண்டுகள் செலவு-பயன் பகுப்பாய்வு கற்பித்தவன் நான். அணைத் திட்டக் கணக்கில் மின்சாரத்துக்கு விலை உண்டு. மூழ்கும் மரத்துக்கும் விலை உண்டு. அந்தப் பள்ளத்தாக்கு மீண்டும் கிடைக்காது என்பதைக் குறிக்க மட்டும் கட்டம் இல்லை.

அண்மையில் மயிலாப்பூர் குளக்கரையில் சந்தித்த பழைய மாணவர், ‘மக்கள் எதிர்த்தால் போதாதா சார், சட்டம் எதற்கு?’ என்று கேட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கே அதற்கு விடை.

குந்திப்புழையில் அணை கட்ட 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. 120 மெகாவாட் மின்சாரத்துக்காக, சிங்கவால் குரங்குகள் வாழும் மழைக்காட்டில் சுமார் 830 ஹெக்டேர் மூழ்கவிருந்தது. 1980-இல் உயர் நீதிமன்றம் எதிர்ப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. மக்கள் எதிர்ப்பு ஓயவில்லை. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால், கைவிடப்பட்ட கோப்பு திரும்பி வரக்கூடியது. 1984-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால்தான், பின்னாளில் எழுந்த பாத்ரக்கடவு அணைத் திட்டம் பூங்கா எல்லைக்கு வெளியே இடம் தேட வேண்டியதாயிற்று.

சட்டமும் முழுக் காவல் அன்று. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கை, சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக மூழ்கடிக்க 1913-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனவே, பாதுகாப்பைத் தளர்த்துவது கடினமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் பூங்கா எல்லையை மாற்றத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை தேவை. அந்தத் தடை வெறும் சடங்காகிவிடக் கூடாது.

சென்னைக்கும் நீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. அவற்றுக்கு மாற்றுவழி தேடலாம். மூழ்கிய பள்ளத்தாக்குக்கு மாற்று இல்லை.