கடலடியில் கான்கிரீட் எதற்கு?

2024-ல் மும்பை வொர்லி கோளிவாடா கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி, பவளமும் மீனும் வாழ 210 கான்கிரீட் செயற்கைப் பாறை அலகுகளைக் கடலடியில் இறக்கினார்கள். இந்தக் கலங்கல் நீரில் பவளம் வளருமா? வளர்கிறது. கடற்கரைச் சாலைத் திட்டத்துக்காக 2020-ல் வொர்லி, ஹாஜி அலி பாறைகளில் ஏற்கெனவே வளர்ந்திருந்த பவளங்களைப் பெயர்த்து இடம் மாற்றியிருக்கிறார்கள்.

பவளத்தின் லார்வா நீரில் மிதந்து வரும். கெட்டியான பரப்பு கிடைத்தால்தான் ஒட்டும். சேற்றில் விழுந்தால் மடிந்துவிடும். அதனால்தான் கான்கிரீட். அலகின் பக்கங்கள் சரிவாக இருந்தால் வண்டல் அதிகம் தங்காது. அதில் உள்ள ஓட்டைகள் அழகுக்கு அல்ல. நீர் அவற்றுக்குள் பாய்ந்துவிடுவதால் அலையால் அலகை எளிதில் புரட்ட முடியாது; மீன்களுக்கும் அவை மறைவிடம். புது சிமென்ட்டில் காரம் அதிகம் என்பதால் நன்றாக நீராற்றிய பிறகே இறக்க வேண்டும்.

இறக்குவதுதான் நிஜமான வேலை. நீரோட்டம் தணியும் அஷ்டமியை ஒட்டிய நாளாகப் பார்த்து, பார்ஜில் உள்ள கிரேனிலிருந்து ஒவ்வொன்றாக வடத்தில் விடுவார்கள். அடியில் முக்குளிப்பவர் இடம் பார்த்துக் கொக்கியைக் கழற்றுவார். உயிருள்ள பவளத்தின் மேல் ஒன்று உட்கார்ந்தாலும் செய்த வேலை பாழ்.

தூத்துக்குடியில் இத்தகைய செயற்கைப் பாறைகளின் பலன் தெரிந்தது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டித் தீர்த்ததால் அங்குள்ள வான் தீவை அலை நேராக அரித்தது. 2015 முதல் அங்கே இறக்கிய சரிவக அலகுகள் அலையின் வேகத்தை உடைத்தன. கரையில் மணல் சேர்ந்தது, அலகுகளில் பவளமும் ஒட்டியது. ஆனால் 2016-ல் கடல் சூடாகி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. அந்தச் சூட்டைத் தணிக்கக் கான்கிரீட்டால் ஆகாது.