1998-இன் சிறந்த ராப் ஆல்பம் எது?

1998 செப்டம்பர் 29, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் அப்போதெல்லாம் புது ஆல்பங்கள் செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு வரும். அந்த ஒரே நாளில் ஹிப்ஹாப் ரசிகர்களுக்கு வந்து சேர்ந்தவற்றைப் பாருங்கள். அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையர் தந்த ‘அக்வெமினை’, ஜே-ஸியின் ‘வால்யூம் 2: ஹார்ட் நாக் லைஃப்’, எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் ‘தி லவ் மூவ்மென்ட்’, மோஸ் டெஃபும் தாலிப் குவேலியும் சேர்ந்து செய்த ‘பிளாக் ஸ்டார்’, பிராண்ட் நூபியனின் ‘ஃபவுண்டேஷன்’. அதற்கு ஒரு மாதம் முன்புதான் லாரின் ஹில்லின் ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ வந்திருந்தது. மே மாதம் டிஎம்எக்ஸின் முதல் ஆல்பம், டிசம்பர் 22-ஆம் தேதி அவருடைய இரண்டாவது ஆல்பம். இரண்டுமே பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தன.

இத்தனைக்கும் நடுவே அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் எது? 1999 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் லாரின் ஹில் ஐந்து விருதுகளை அள்ளினார். அவற்றுள் ஒன்று, எல்லா வகை இசைக்கும் பொதுவான ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’. ஹிப்ஹாப்பில் வேர்விட்ட ஓர் ஆல்பத்துக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் அதே இரவில் ‘சிறந்த ராப் ஆல்பம்’ விருது போனது ஜே-ஸிக்கு. டிஎம்எக்ஸின் பெயரைப் பரிந்துரையில்கூடச் சேர்க்கவில்லையே என்ற கோபத்தில் ஜே-ஸி விழாவுக்கே போகவில்லை. ராப் உலகம் மதித்த ‘தி சோர்ஸ்’ பத்திரிகை, தன் உச்ச மதிப்பெண்ணான ஐந்து மைக்குகளை ‘அக்வெமினை’க்குக் கொடுத்தது. நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழ் நூற்றுக்கணக்கான விமர்சகர்களிடம் வாக்கு வாங்கியபோது, லூசிண்டா வில்லியம்ஸ் என்ற கன்ட்ரி பாடகியின் ஆல்பம் முதலிடம் பெற, லாரின் ஹில் இரண்டாமிடத்துக்கு வந்தார்.

‘அவரவர் ரசனை’ என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த முரண்பாட்டுக்கு ஆராய்ந்து சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. அவற்றில் பல ரசனைக்கு வெளியே இருக்கின்றன.

முதலில் கணக்கு. கற்பனையாக ஒன்பது விமர்சகர்களை எடுத்துக்கொள்வோம். நான்கு பேரின் வரிசை: லாரின், அவுட்காஸ்ட், டிஎம்எக்ஸ். மூன்று பேரின் வரிசை: டிஎம்எக்ஸ், அவுட்காஸ்ட், லாரின். மீதி இரண்டு பேருக்கு அவுட்காஸ்ட், டிஎம்எக்ஸ், லாரின். முதலிட வாக்குகளை மட்டும் எண்ணினால் 4-3-2 என்று லாரின் ஜெயிக்கிறார். முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1 என்று புள்ளி போட்டால் அவுட்காஸ்ட் 20 எடுக்கிறது. மற்ற இருவருக்கும் தலா 17. முதலிட வாக்கு மிகக் குறைவாகப் பெற்றவரை நீக்கிவிட்டு மறுபடி எண்ணினால் அவுட்காஸ்ட் வெளியேறும், அதன் இரண்டு வாக்குகளும் டிஎம்எக்ஸுக்குப் போகும், அவர் 5-4 என்று ஜெயிப்பார். ஒருவர்கூட மனம் மாறவில்லை, ஒரு சீட்டுகூட மாறவில்லை. ஆனால் மூன்று வெற்றியாளர்கள்!

18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் போர்டா, கொண்டார்சே என்ற இரு கணித அறிஞர்கள் மோதிக்கொண்ட சிக்கல் இது. மூன்றோ அதற்கு மேலோ போட்டியாளர்கள் இருந்தால், நியாயமானவை என்று நாம் நினைக்கும் சில எளிய நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை முறை எதுவும் இருக்க முடியாது என்று 1951-இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ நிறுவினார். வில்லேஜ் வாய்ஸ் இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தது. ஒவ்வொரு விமர்சகரும் பத்து ஆல்பங்களுக்கு 100 புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஓர் ஆல்பத்துக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30. ‘பிடிக்கும்’ என்பதற்கும் ‘இது இல்லாமல் இந்த ஆண்டே இல்லை’ என்பதற்கும் உள்ள தூரம் அதில் பதிவாகும். இதுவரை நான் பார்த்த முறைகளில் இதுவே நேர்மையானது என்பேன்.

அடுத்தது காது. உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டியது இன்று புகழ்பெற்ற உண்மை: பொருளே தெரியாத சொற்களையும் எழுத்துகளையும்கூட, அடிக்கடி பார்க்கப் பார்க்க மனிதர்களுக்குப் பிடிக்கத் தொடங்குகிறது. டேனியல் பெர்லைன் என்ற இன்னோர் உளவியலாளர் இதில் ஒரு திருத்தம் சேர்த்தார். பழகப் பழகப் பிடிப்பு ஏறும், ஓர் உச்சம் தொட்டபின் சலிப்பில் இறங்கும். எளிமையானவை சீக்கிரம் உச்சம் தொட்டுச் சீக்கிரம் சலிக்கும்; சிக்கலானவை மெதுவாக ஏறும். ஜனவரியில் வெளிவந்த ஆல்பத்தை ஆண்டு முடிவதற்குள் முப்பது முறை கேட்டிருப்போம். டிசம்பர் 22-இல் வந்த டிஎம்எக்ஸின் ஆல்பத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. பெரும்பாலான ஆண்டிறுதிப் பட்டியல்கள் அதற்குள் எழுதி முடிக்கப்பட்டிருக்கும்.

ஹிப்ஹாப்புக்கு இந்த ‘மறுபடி கேட்டல்’ வெளியிலிருந்து வரும் விஷயமல்ல, அதன் பிறப்பிலேயே இருப்பது. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய கொண்டாட்டத்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, பாட்டில் டிரம்ஸ் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை மாறி மாறி ஓட்டி நீட்டிக்கொண்டே போவது அவர் கைவண்ணம். ஒரே துண்டு சுழன்று சுழன்று வரும் ‘லூப்’ அங்கிருந்து வந்தது. இப்படித் திரும்ப வருவது காதுக்கு என்ன செய்கிறது என்று இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ் ஒரு சோதனை செய்தார். பெரியோ, கார்ட்டர் ஆகிய நவீன இசையமைப்பாளர்களின் கடினமான படைப்புகளைக் கணினியில் வெட்டி ஒட்டி, சில பகுதிகள் திரும்ப வருமாறு செய்தார். அப்படி மாற்றியவையே அதிக இன்பமாகவும், மனிதர் இயற்றியதுபோலவும் இருப்பதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். மேதைகளின் மூலப் படைப்பை ஒரு வெட்டு-ஒட்டு முந்துகிறது. ராப் தயாரிப்பாளர்கள் இதைக் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்திருந்தார்கள்.

‘அக்வெமினை’யில் உள்ள ‘ஸ்பாட்டிஒட்டிடோபாலிஷஸ்’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். ஏழு நிமிடம். முதல் முறை கேட்கும்போது காதில் நிற்பது டிரம்பெட்டும் டிராம்போனும் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்த ஒரே சொகுசான மெட்டு மட்டும்தான். சில முறை கேட்டபின் அடியில் அசையும் பேஸ் பிடிபடும். அதற்கும் பிறகுதான் பேச்சு காதில் ஏறும். ராப்பர்கள் இதில் ராப் செய்வதில்லை, நிதானமாகப் பேசுகிறார்கள். நடன அரங்கில் தொடங்கும் கதை, பிள்ளை பிறந்துவிட்ட இளைஞனிடம் வந்து நிற்கிறது. சிறுநீர்ச் சோதனையில் தேறாததால் தபால் அலுவலகத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வராத இளைஞன் அவன். மெட்டு அப்படியே இருக்கிறது; கேட்கும் நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. ஒருமுறை கேட்டுவிட்டு மதிப்பெண் போடுகிறவருக்கு இந்தப் பாட்டு கிடைக்கவே கிடைக்காது.

சொல்வளத்தை எண்ணித் தரம் பார்க்கலாமே என்பார்கள். 2014-இல் மேட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்களின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றில் எத்தனை தனிச்சொற்கள் என்று கணக்கிட்டார். ஏசாப் ராக் 7,392 சொற்களோடு முதலிடம். கடைசியில் இருந்தவர் 3,214 சொற்களோடு டிஎம்எக்ஸ். ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பங்களை முதலிடத்தில் வைத்த அதே டிஎம்எக்ஸ்தான்! அவருடைய குரலில் இருந்த உறுமலையும் மன்றாடலையும் எந்த அகராதிக் கணக்கும் பிடிக்காது.

இனி, கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனை என்னை மிகவும் உலுக்கியது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், 14,000-க்கும் மேற்பட்ட கேட்போர். சிலருக்குப் பாடல்கள் மட்டும் தரப்பட்டன. மற்றவர்கள் தனித்தனியான எட்டு ‘உலகங்களாக’ப் பிரிக்கப்பட்டார்கள், தம் உலகத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். தனியாகக் கேட்டவர்களிடம் 26-ஆம் இடத்தில் இருந்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடத்துக்கு விழுந்தது. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே மோசமாகத் தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தைத் தீர்மானித்தது, முதலில் வந்தவர்கள் எதை அழுத்தினார்கள் என்பதுதான்.

வயதும் சும்மா இருப்பதில்லை. நமக்குச் சுமார் 24 வயது இருக்கும்போது புகழ்பெற்ற பாடல்களே பின்னாளில் நமக்கு மிகவும் பிடித்தவையாகின்றன என்று ஹோல்புரூக், ஷிண்ட்லர் ஆகியோர் 1989-இல் கண்டார்கள். லாரின் ஹில், அவுட்காஸ்டின் ஆந்த்ரே, பிக் பாய் மூவரும் 1975-இல் பிறந்தவர்கள். 1998-இல் மூவருக்கும் 23. அவர்களுடைய வயதை ஒத்த ஒரு தலைமுறை இன்று பத்திரிகைகளில் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. 2024-இல் ஆப்பிள் மியூசிக் வெளியிட்ட 100 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் லாரின் ஹில் முதலிடத்தில் வந்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். அதில் இந்த வயதுக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பட்டியலே வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கொலம்பியா சோதனையின் இரண்டு முனைகளையும் கவனியுங்கள்: தரம் என்று ஒன்று இருக்கிறது, கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அது தலைகாட்டுகிறது. என் தீர்ப்பைக் கேட்டால், 1998-இன் சிறந்த ராப் ஆல்பம் ‘அக்வெமினை’. ஆண்டின் சிறந்த குரல் லாரின் ஹில். இரண்டையும் நூறு புள்ளி முறையில் என் சீட்டில் எழுதினால் முன்னதற்கு 30, பின்னதற்கு 25.

வரும் டிசம்பரில் பட்டியல்கள் வெளிவரும் முன் நீங்களும் ஒரு தாளை எடுத்து உங்கள் பத்தை எழுதி, நூறு புள்ளிகளைப் பிரித்துப் போடுங்கள். பிறர் பட்டியலை அதன் பிறகு பாருங்கள். மார்ச் மாதம் அந்தப் பத்தையும் இன்னொரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் தயங்காமல் திருத்துங்கள்.