தோல் பைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்!



நம் குழு உறுப்பினர் ஒருவர் பக்கத்து டவுனில் வீட்டு வேலைக்குப் போகிறார். மழைக்காலம் முடிந்து அந்த வீட்டு பீரோவைத் திறந்தபோது, உள்ளே இருந்த தோல் கைப்பை முழுக்கப் பூசணம் பூத்திருந்தது. விலை உயர்ந்த வெளிநாட்டுப் பை. "இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைம்மா" என்று அந்த வீட்டு அம்மா கொடுத்துவிட்டார். நம் சகோதரியும் நல்ல மனதோடு பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டார். பளபளப்பாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயும் தடவி வைத்தார்.

மறுநாள் பார்த்தால் பை திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. கைப்பிடி விறைத்து வெடித்திருந்தது. இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சேமிப்பும் கடன் தவணையும் நின்றபோதுதான் குழுவுக்கே விஷயம் தெரிந்தது.

சோப்பு, வெயில், தேங்காய் எண்ணெய் மூன்றுமே தோலுக்கு ஆகாதவை. ஆனால் அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் இரண்டு மாதச் சம்பளம் போயிருக்காது. அதோடு, இந்த வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டால் நாலு காசு சம்பாதிக்கவும் வழி உண்டு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தோல் எப்படிப்பட்ட பொருள்?

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உரித்தபடி விட்டால் இரண்டே நாளில் அழுகிவிடும். அழுகாமல் இருக்கத்தான் பதனிடுகிறார்கள். பதனிடுவதில் இரண்டு முக்கிய முறைகள் உண்டு. பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருட்களில் ஊறவைப்பது பழைய முறை. ஒரு காலத்தில் நம் ஊர்ப்பக்கம் ஆவாரம் பட்டையை இதற்குத்தான் உரித்துக் கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் இப்படிப் பதனிடும் 'ஈ.ஐ. லெதர்' என்ற தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குரோமியம் உப்பில் பதனிடுவது இன்னொரு முறை. இன்று உலகத்தில் பெரும்பாலான தோல் இந்த முறையில்தான் தயாராகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உள்ள சகோதரிகளுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அங்குள்ள ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள்தானே!

பதனிட்ட பிறகு தோலுக்குள் எண்ணெய்ச் சத்து ஏற்றுவார்கள். அந்தச் சத்து இருக்கும் வரை தோல் மெத்தென்று இருக்கும். வெயில், சூடு, தண்ணீர் பட்டு அது குறையக் குறையத் தோல் காய்ந்து சுருங்கி வெடிக்கும். நம் குதிகால் வெடிப்பு மாதிரிதான்.

"அப்படின்னா தேங்காய் எண்ணெய் தடவினா நல்லதுதானே அக்கா?" என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் தோலில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது. இறங்கிய இடம் கறுக்கும். நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், தூசியும் ஒட்டும். ஒருமுறை ஊறிவிட்டால் வெளியே எடுக்க முடியாது. நல்லெண்ணெய், சமையல் எண்ணெய்க்கும் இதே கதைதான்.

சோப்பு ஏன் கூடாது? பதனிட்ட தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. துணி சோப்பும் பாத்திர சோப்பும் காரத் தன்மை உள்ளவை. காரம் பட்டால் மேல்பூச்சு மங்கும், தோல் விறைக்கும்.

முதலில் பையை அடையாளம் காணுங்கள்

எல்லாப் பையும் ஒன்றல்ல. கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்:

1. ரெக்சினா, தோலா? வெட்டிய ஓரத்தையும் பையின் உள் மடிப்பையும் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது போல் இருந்தால் ரெக்சின் வகை. இந்த வகைப் பை சில வருடத்தில், பீரோவிலேயே இருந்தாலும்கூட, செதில் செதிலாக உரியும். காற்றில் உள்ள ஈரமே அந்தப் படலத்தை அரித்துவிடுகிறது. உரிய ஆரம்பித்த ரெக்சினை எந்தக் கிரீமும் சரி செய்யாது. "சரி பண்ணித் தரேன்" என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2. மேல்பூச்சு உள்ள தோலா? பையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து மாதிரி நின்றால் மேல்பூச்சு உள்ள தோல். வீட்டில் நாம் கையாளக்கூடியது இதுதான்.

3. தண்ணீரை உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் அது பூச்சு இல்லாத தோல். இதில் எது பட்டாலும் கறை நிற்கும். உலர்ந்த துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. வெல்வெட் போல் மொசுமொசுவென்று இருந்தால் அது ஸ்வேட் வகை. மென்மையான பிரஷ்ஷால் தட்டலாம். கிரீமோ பெயின்ட்டோ போடவே கூடாது.

பிரபலமான லூயி விட்டோன் பைகளில் எழுத்துகளும் பூவும் அச்சிட்ட பழுப்பு நிறப் பையைப் பார்த்திருப்பீர்கள். அதன் உடல் பகுதி தோலே அல்ல, பூச்சு பூசிய கான்வாஸ் துணி. அதில் பெரும்பாலான பைகளின் கைப்பிடி பூச்சு இல்லாத இயற்கைத் தோல். வெயிலும் கையும் பட்டு அது தேன் நிறமாக மாறும். அந்த மாற்றத்தை விரும்பித்தான் பலர் வாங்குகிறார்கள். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் பையின் மதிப்பே போய்விடும்!

சுத்தம் செய்யும் முறை (மேல்பூச்சு உள்ள தோலுக்கு)

• பையில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு உள்பக்கத்தைத் தட்டி உதறுங்கள்.
• உலர்ந்த பழைய பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள். தையல் ஓரத்துக்கு மென்மையான பல்துலக்கும் பிரஷ் போதும்.
• துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது. அழுத்தாமல் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.
• அழுக்கு போகவில்லையா? தோலுக்கென்றே விற்கும் கிளீனரை, முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.
• நிழலில், காற்றோட்டமாக உலர விடுங்கள். வெயில், அடுப்படி, முடி உலர்த்தும் டிரையர் எதுவும் வேண்டாம்.
• நன்றாகக் காய்ந்த பிறகு தோலுக்கான கண்டிஷனர் கிரீமைத் துணியில் பட்டாணி அளவு எடுத்து மெல்லத் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

பூசணம் பூத்திருந்தால்

பையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். அந்தத் துணியை மறுபடி பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து, துணியை லேசாக ஈரமாக்கித் துடைக்கலாம். மறைவான இடத்தில் முதலில் பாருங்கள். துணியில் சாயம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். இது தீப்பற்றும் பொருள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கறை பட்டால்

எண்ணெய்க் கறை புதிதாக இருந்தால் துணியால் ஒற்றி எடுத்து, மேலே மக்காச்சோள மாவைத் தூவி ஒரு இரவு விடுங்கள். மாவு எண்ணெயை இழுக்கும். காலையில் மெல்லத் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். பேனா மைக்கறை பெரும்பாலும் வீட்டில் போகாது. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டால் மையோடு சேர்ந்து பையின் நிறமும் வந்துவிடும்.

நிறம் போன இடத்தைச் சரி செய்வது

பையின் நாலு மூலையும் கைப்பிடியும்தான் முதலில் தேயும். "ஷூ பாலிஷ் போட்டா சரியாப் போயிடுமே?" என்பார்கள் சிலர். ஷூ தரையில் நடக்கும், பை உடம்பில் உரசும். பாலிஷ் கலர் சேலையில் ஒட்டிவிடும்.

தேவையானவை: தோலுக்கான அக்ரிலிக் பெயின்ட், சின்ன ஸ்பான்ஞ்சுத் துண்டு, 800 அல்லது 1000 நம்பர் உப்புத்தாள், நிறமில்லாத மேல்பூச்சு. தோல் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை பெரியமேட்டுக் கடைகளில் விசாரிக்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும்.

1. மேலே சொன்னபடி சுத்தம் செய்து காயவிடுங்கள். கிரீம் தடவ வேண்டாம். தடவினால் பெயின்ட் பிடிக்காது.
2. தேய்ந்த இடத்தில் மட்டும் உப்புத்தாளால் மிக மெதுவாக இரண்டு மூன்று முறை தடவி வழவழப்பாக்குங்கள். தூள் போகத் துடையுங்கள்.
3. நிறத்தைக் கலந்து வெள்ளைத் தாளில் தொட்டு வைத்துக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் தெரியும். பகல் வெளிச்சத்தில் பையோடு ஒப்பிடுங்கள். பொருந்தும் வரை பையைத் தொடாதீர்கள்.
4. ஸ்பான்ஞ்சால் மெல்லிசாக ஒற்றுங்கள். இழுக்க வேண்டாம். காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சு போட்டால் வெடித்து உரியும். மெல்லிய மூன்று நாலு பூச்சுதான் நிற்கும்.
5. கடைசியில் நிறமில்லாத மேல்பூச்சு. இதை விட்டுவிட்டால் நிறம் துணியில் ஒட்டும்.
6. ஒன்றிரண்டு நாள் விட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டவில்லை என்றால் வேலை முடிந்தது.

எடுத்து வைக்கும் முறை

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பூக்கும். பழைய தலையணை உறை போதும். வடிவம் மாறாமல் இருக்க உள்ளே வெள்ளைத் தாள் அல்லது பழைய துணி அடையுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். பாச்சை உருண்டை வாடை தோலில் ஏறினால் லேசில் போகாது. கைப்பிடியில் மாட்டித் தொங்கவிடாமல் உட்கார்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். நம் வீட்டில் உள்ள தோல் பை, பெல்ட்டுக்கும் இதே முறைதான்.

இதை வேலையாக எடுத்துச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் உடனே கடன் வாங்கிச் சாமான் வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய தோல் செருப்பு, பெல்ட்டு, பையில் முதலில் பழகுங்கள். கை பழகிய பிறகு இந்த நாலு விதிகளையும் குழுவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

• பையை வாங்கும்போதே எங்கெங்கே கீறல், கறை, கிழிசல் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பின்னால் "இது நீங்க பண்ணினது" என்ற பேச்சு வராது.
• "புதுசு மாதிரி ஆக்கித் தருவோம்" என்று சொல்லாதீர்கள். "முன்னைவிட நன்றாக இருக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள்.
• மிக விலை உயர்ந்த கம்பெனிப் பைக்கு நிறம் பூச ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியில் நிறம் பூசினால் மறுவிற்பனை மதிப்பு குறையலாம், கம்பெனியே பின்னால் பழுது பார்க்க மறுக்கலாம். தூசி துடைத்து, பத்திரமாக வைத்துக் கொடுத்தாலே போதும்.
• கூலியைச் சாமான் செலவில் மட்டும் கணக்கிடாதீர்கள். உதாரணத்துக்கு, ஒரு பைக்கு 80 ரூபாய்ச் சாமான், மூன்று மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 70 ரூபாய் என்றால் 210 ரூபாய். மொத்தம் 290 ரூபாய். இதற்குக் கீழே வாங்கினால் உங்கள் உழைப்பைச் சும்மா கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு இன்னொரு வார்த்தை. தெரியாத பொருளைக் கையில் கொடுத்தால், "அம்மா, இது என்ன தோலுன்னு தெரியலை. நான் உலர்ந்த துணியால மட்டும் துடைச்சு வைக்கிறேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை. அந்த ஒரு வார்த்தை இரண்டு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய பையையோ பெல்ட்டையோ கொண்டு வாருங்கள். வெட்டிய ஓரத்தைப் பார்த்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தும், எது தோல், எது ரெக்சின், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். பார்த்துக் கற்றால் மறக்காது!